காரணம் எழுதுதல்: கருணையா, கடனா?

ஒருவர் செய்து முடித்த வேலையை மற்றொருவர் ஏற்று நடத்துவது உலக வழக்கு. தந்தை வெட்டிய கிணற்றை மகன் பயன்படுத்துகிறான். ஓர் ஆசிரியர் தொடங்கிய வகுப்பை அடுத்த ஆசிரியர் தொடர்கிறார். ஒரு குருவானவர் விட்டுச்சென்ற பங்கை அவருக்குப்பின் வருபவர் பொறுப்பேற்கிறார். இவ்வாறு கைமாறும்போது வேலை வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதனை அவ்வாறு செய்ததற்கான காரணம் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அக்காரணத்தை எழுதி வைக்கும் பொறுப்பு முன்னவருக்கு உண்டா? உண்டெனில், அது அவர் மனமுவந்து செய்யும் கருணைச் செயலா, அன்றிச் செய்தே தீரவேண்டிய கடனா? இவ்வினாவைச் சற்று ஆராய விழைகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று கணினிக்கு நிரல் எழுதுவோரின் தொழிலாகும்.

இத்தொழில் இன்று நம் ஊர்களுக்கு அந்நியமானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த கான்சாபுரம், வத்திராயிருப்புப் பகுதியிலும், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் நகரங்களிலும் நிரலராகப் பணிபுரியும் மகனையோ மகளையோ பெற்ற இல்லங்கள் பல உள்ளன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் அவர்களுள் பலர் ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியிலும் திண்ணையிலும் அமர்ந்து, கடல்கடந்த நாடுகளின் வேலையைச் செய்தனர். அவர்களோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, அவர்கள் தம் தொழிலின் மிகக் கடினமான பகுதி என்று சொன்னது புதிதாக எழுதுவதை அன்று. பிறர் எழுதியதைப் படித்து அறிவதையே ஆகும். நம் சிந்தனைக்கு வித்திட்டது அச்சொல்.

பொறி படிக்காத வரிகள்

நிரல் என்பது கணினிக்கு இடப்படும் ஆணைகளின் தொகுதி. இந்த எண்ணை எடு, அதனோடு கூட்டு, இன்னதாயின் இதைச் செய், அன்றேல் அதைச் செய் என்றவாறு அவ்வாணைகள் நீளும். அவற்றின் நடுவே நிரலர் வேறு சில வரிகளையும் எழுதுவதுண்டு. அவை ஆணைகள் அல்ல. மனித மொழியில் எழுதப்படும் விளக்கங்கள். ‘கமெண்ட்’ என்று அவர்கள் வழங்கும் இவற்றை நாம் குறிப்புரை என்போம்.

குறிப்புரையை ஆணையிலிருந்து பிரித்துக் காட்ட ஒவ்வொரு கணினி மொழியிலும் ஓர் அடையாளம் உண்டு. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், வரியின் முதல் இடத்தில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் அவ்வரி குறிப்புரையாகும். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பெரிதும் பயன்பட்ட கோபோல் மொழியில் ஏழாம் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுவர். சி மொழியில் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்ந்து வரும். நிரலைப் பொறிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் மென்பொருள் இவ்வடையாளத்தைக் கண்டவுடன் அவ்வரியைத் தள்ளிவிட்டு மேலே செல்லும். ஒரு நிரலிலுள்ள குறிப்புரைகள் யாவற்றையும் அழித்துவிட்டாலும் அது முன்போலவே இயங்கும். வங்கிக் கணக்கில் ஒரு பைசா மாறாது. இரயில் பயணச்சீட்டில் ஓர் இருக்கை மாறாது.

பொறிக்கு அது வேண்டியதில்லை. பொருளை வாங்குபவரும் அதைக் காண்பதில்லை. பின் யாருக்காக எழுதப்படுகிறது? நாளை இந்நிரலைத் திறந்து திருத்த வேண்டியவருக்காக எழுதப்படுகிறது. அவர் இன்னார் என்று எழுதுபவர் அறியார். அடுத்த மேசையில் இருப்பவராக இருக்கலாம். இன்னும் பிறவாத ஒருவராகவும் இருக்கலாம். ஆறு திங்கள் கழித்து, எழுதியதை மறந்துவிட்ட அதே நிரலராகவும் இருக்கலாம்.

இது மிகைக்கூற்று அன்று. 1990களின் பிற்பகுதியில், ‘2000ஆம் ஆண்டுச் சிக்கல்’ என்பதைத் தீர்க்கும் பணியில் நம் நாட்டு நிரலர் ஏராளமானோர் ஈடுபட்டனர். பழைய நிரல்களில் ஆண்டைக் குறிக்கக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எழுதியிருந்தனர். 1965 என்பது 65 என்றே நிற்கும். 2000 வந்தால் அது 00 ஆகிவிடும். 1900 என்று பொறி கருதிவிடக்கூடும். முன்னோர் அவ்வாறு எழுதியது அறியாமையால் அன்று. ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடமிருந்தது. கணினியின் நினைவகமும் அந்நாளில் மிக்க விலையுடையதாக இருந்தது. தாம் எழுதியது முப்பது ஆண்டுகள் நிலைக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. அவர்களை ஒருநாளும் கண்டிராத நம் இளைஞர்கள் அவர்களுடைய எழுத்தை வரிவரியாகப் படித்தார்கள். காரணம் எழுதியிருந்த இடத்தில் விரைந்து கடந்தார்கள்; எழுதாத இடத்தில் நாட்கணக்கில் நின்றார்கள்.

எவ்வாறு எழுதுகின்றனர்?

தேர்ந்த நிரலர் எழுதும் குறிப்புரைகளை நான்கு வகையாகப் பகுக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, ஒரு பகுதியின் தலைப்பில் நின்று, இது எதற்காக ஏற்பட்டது, எதைப் பெற்று எதைத் தருகிறது, அளவு மீட்டரிலா அடியிலா என்று சொல்வது. இரண்டாவது, இவ்வழியை ஏன் தேர்ந்தோம் என்று காரணம் கூறுவது. மூன்றாவது, இவ்விடத்தை மாற்றினால் இன்ன கேடு விளையும் என்று எச்சரிப்பது. நான்காவது, இது இன்னும் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது.

இந்நான்காம் வகைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1969இல் மனிதரை நிலவில் இறக்கிய அப்பல்லோ 11 கலத்தின் இறங்கு நிரலில், இரண்டு வரிகளின் அருகே, இவை தற்காலிகமானவை என்று நம்புவதாக ஒருவர் எழுதி வைத்துள்ளார். நம்புகிறேன் என்னும் சொல்லை மும்முறை எழுதியுள்ளார். அத்தற்காலிக வரிகளே நிலவுக்குச் சென்றன. தற்காலிகம் என்று தொடங்குபவை நிலைத்துவிடும் இயல்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

பயனற்ற குறிப்புரையும் உண்டு. ‘நாளுடன் ஒன்றைக் கூட்டு’ என்ற ஆணைக்குப் பக்கத்தில், ‘இங்கு நாளுடன் ஒன்று கூட்டப்படுகிறது’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? ஆணையே அதைச் சொல்லிவிட்டதே. ‘விடுமுறை நாளில் வங்கி கணக்கை முடிப்பதில்லை, ஆதலின் மறுநாளைக் கொள்கிறோம்’ என்று எழுதினால் அது பயனுள்ள குறிப்பு. முன்னது ஆணையைத் திருப்பிச் சொல்கிறது; பின்னது ஆணைக்குள் இல்லாத ஒன்றைச் சொல்கிறது.

வேண்டா என்பாரின் வாதம்

குறிப்புரை எழுதுதல் நன்று என்பதை எல்லாரும் ஒப்புவதில்லை. ஒப்பாதவர் சோம்பேறிகளும் அல்லர். அவர்களுடைய வாதத்தில் அறம் சார்ந்த ஒரு கூறு இருப்பதால் அதனை மதித்துக் கேட்பது தகும்.

அவர்கள் கூறுவது இது. நிரல் பொய் சொல்லாது. ஏனெனில் பொறி இயக்குவது அதையே. குறிப்புரையோ எவராலும் சோதிக்கப்படுவதில்லை. இன்று ஒருவர் நிரலை மாற்றிவிட்டு, அருகிலுள்ள குறிப்பை மாற்றாது சென்றால், நாளை வருபவரை அக்குறிப்பு தவறான வழியில் இட்டுச் செல்லும். வழிகாட்டிப் பலகை இல்லாத சாலையில் பயணி விசாரித்துச் செல்வான். தவறான பலகை நிற்கும் சாலையில் நம்பிச் சென்று கெடுவான். ஆகவே, விளக்கம் வேண்டாத அளவுக்கு நிரலைத் தெளிவாக எழுதுவதே நேர்மை. மோசமான நிரலுக்கு விளக்கம் எழுதாதே, நிரலையே திருத்தி எழுது என்னும் கருத்தைக் கெர்னிகன், பிளாகர் என்னும் இருவர் 1974இலேயே தம் நூலில் வலியுறுத்தினர்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. குழப்பமாகச் செய்துவிட்டு நீண்ட விளக்கம் தருவது, வீட்டைப் பெருக்காமல் விருந்தினரிடம் காரணம் சொல்வதை ஒக்கும். ஆயினும் இவ்வாதம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. எவ்வளவு தெளிவான நிரலாயினும், அது என்ன செய்கிறது, எவ்வாறு செய்கிறது என்பவற்றையே காட்டும். ஏன் செய்கிறது என்பதைக் காட்டாது. முயன்று பார்த்துக் கைவிட்ட வழிகளைக் காட்டாது. எந்த நம்பிக்கையின் மேல் அது நிற்கிறது என்பதையும் காட்டாது. அந்நம்பிக்கை பொய்த்துப்போகும் நாளில், ஆணைகள் அனைத்தும் முன்போலவே தெளிவாகத்தான் இருக்கும்.

எழுதப்படாத ஒரு காரணம்

1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 நொடிகளில் அது பாதை திரும்பி, உடைந்து, வெடித்துச் சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு அறிவியல் துணைக்கோள்களும் அழிந்தன. மனிதர் எவரும் அதில் இல்லாதது ஆறுதல்.

விசாரணைக் குழு கண்டறிந்த செய்தி சிந்தனைக்குரியது. ராக்கெட்டின் நிலையறியும் கருவியில் இயங்கிய நிரல், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதில் பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்கு மாற்றும் செயல் ஒன்று இருந்தது. கொள்ளாத எண் வந்தால் பிழை உண்டாகும். இவ்வாறு ஆபத்து நேரக்கூடிய அளவுகள் ஏழு என்று நிரலர் கண்டிருந்தனர். கணினியின் சுமை வரம்பு மீறக்கூடாது என்பதற்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு அமைத்து, மூன்றை விட்டுவிட்டனர். அம்மூன்றும் வரம்பு மீறிப் பெருகா என்பது அவர்கள் கணிப்பு. ஏரியான் 4இன் பாதைக்கு அது பொருந்தியது. ஏரியான் 5 தொடக்கத்திலேயே கிடைத்திசையில் மிகுந்த வேகம் கொள்ளும் இயல்புடையது. பாதுகாப்பின்றி விடப்பட்ட மூன்றனுள் ஒன்று வரம்பு மீறியது, கருவி செயலிழந்தது.

இதில் நம் வினாவைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. அம்மூன்றையும் பாதுகாப்பின்றி விட்டதற்கான காரணம் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அந்த முடிவு கூடிப் பேசி எடுக்கப்பட்டதுதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் மலைபோல் குவிந்த ஆவணங்களுக்குள் அது கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. ஏரியான் 4இன் வேகத்தை நம்பியே இதற்குப் பாதுகாப்பு அமைக்கவில்லை என்னும் ஒரு வரி அவ்விடத்தில் இருந்திருந்தால் விபத்து நேர்ந்திராது என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் புதிய ராக்கெட்டுக்கு அந்நிரலை எடுத்து வைத்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய வினாவை அவ்வரி அவர்கள் முன் நிறுத்தியிருக்கும்.

நம் முன்னோரின் உரை மரபு

காரணம் எழுதும் கலை தமிழருக்குப் புதிதன்று. மூலத்தைத் தொடாது, அதன் அருகில் நின்று விளக்கும் உரை மரபு நம் இலக்கியத்தின் தனிச் செல்வம். உரை எழுதும் முறைக்கே நன்னூல் இலக்கணம் வகுத்துள்ளது. பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை எனத் தொடங்கி உரையின் கூறுகளைப் பதினான்காக அது எண்ணுகிறது. அவற்றுள் வினாவும் விடையும் இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். படிப்பவன் எங்கே ‘ஏன்’ என்று கேட்பான் என்பதை முன்னுணர்ந்து, அவ்விடத்தில் விடை வைப்பதே நல்லுரை. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரமும் முன்னதன்பின் ஏன் வைக்கப்பட்டது என்று காரணம் கூறியே தொடங்குவார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் தம் வைப்புமுறைக்குக் காரணம் எழுதி வைக்கவில்லை. பின்வந்த பரிமேலழகர் ஊகித்தே கூறினார்; பிற உரையாசிரியர் வேறுபட்டனர். நூலாசிரியரே உரையும் எழுதிய இடத்தில் இத்தடுமாற்றம் குறைவு. வீரமாமுனிவர் 1730இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்துக்கு அவரே உரையும் எழுதினார். தாய்மொழி வேறாகிய அவர், தம் நூற்பாவைத் தமிழ் மாணவன் எங்கே தவறாகக் கொள்வான் என்று எண்ணிப் பார்த்து எழுதினார். நிரலரின் குறிப்புரை இவ்வகையைச் சார்ந்தது.

உரை இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளது. 1894இல் அந்நூலை முதன்முதலில் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், உரை உள்ள வரை அதன் துணையோடு நடந்தார்; அதற்கப்பால் தம் உழைப்பையும் ஒப்பு நோக்கும் அறிவையும் மட்டுமே நம்பினார். மூலம் கையில் இருந்தது; சொற்களும் இருந்தன. ஆனால் சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் அன்று தெரிந்திருந்த செய்திகள் பல மறைந்துவிட்டன.

நம் பகுதிக்குரிய சான்று இன்னும் நெருக்கமானது. திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை என்னும் பேருரையாசிரியர் 13ஆம் நூற்றாண்டில் உரை எழுதினார். அவ்வுரையின் பெரும்பகுதி பின்னாளில் அழிந்துபட்டது. 15ஆம் நூற்றாண்டில் மறைந்த மணவாள மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் புதிதாக உரை வரைந்தார். முழு நூலுக்கும் தம் பெயரால் உரை எழுதும் புலமை அவருக்கு இருந்தது. ஆயினும் பழைய உரை மீண்டும் தொடங்கும் இடம் வந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார் என்று வைணவ மரபு போற்றுகிறது. முன்னவர் கூறிய காரணத்தை அழிக்காமலும், இல்லாத இடத்தை வெறுமையாக விடாமலும் காத்த அப்பண்பு சமயம் கடந்து நாம் கற்கத்தக்கது.

நிரலுக்கே உரை எழுதிய ஒருவரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் இயக்க நிரலின் ஆறாம் பதிப்பை வரி எண்ணிட்டு ஒரு தொகுதியாகவும், அதற்குத் தம் விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் மாணவர்க்கென ஆக்கினார். பின்னர் உரிமையாளரான நிறுவனம் வகுப்பறையில் அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. மாணவர்கள் ஒளிநகல் எடுத்து, நகலுக்கு நகல் எடுத்துக் கைமாற்றிப் படித்தனர். 1996இல்தான் அது முறையான நூலாக வெளிவந்தது. ஓலைச்சுவடி படியெடுத்த நம் முன்னோரை இது நினைவூட்டவில்லையா?

அந்த ஆறாம் பதிப்பிலேயே, இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்புரை இருந்தது. அது செருக்கு எனப் பலர் எண்ணினர். அதை ஆக்கியோருள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கம் தந்தார். இது தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற எண்ணத்தில் எழுதியது அது என்றார். உண்மையில் அவ்விடத்தில் நடப்பதைத் தாங்களும் சரியாக அறிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அறியாததை அறியவில்லை என்று எழுதி வைப்பதும் நல்ல குறிப்புரையே. பின்வருபவர் அவ்விடத்தில் எச்சரிக்கையாகக் காலூன்றுவார் அல்லவா?

கலுங்கில் நிற்கும் கற்கள்

கணினி அறியாத வாசகர், இது நமக்கு எவ்வகையில் பொருந்தும் என்று கேட்கலாம். நம் கண்மாய்க் கரைக்கு வருக. கண்மாய் நிறைந்து மிகுநீர் வெளியேறும் கலுங்கின் மேல், வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருப்பதைப் பழைய கண்மாய்களில் காணலாம். அறியாதவருக்கு அவை வீணாக நிற்பவை போலத் தோன்றும். வெள்ளத்தை மறிக்கும் இடையூறாகவும் தோன்றும். மழைக்காலம் முடியும் தறுவாயில், அக்கற்களுக்கிடையே மண்ணையும் புல்கரணையையும் அடைத்து, கண்மாயில் இன்னும் சிறிது நீரைத் தேக்குவர். வெள்ளம் வருங்கால் அவ்வடைப்பை நீக்குவர். கோடையில் காயவிருக்கும் பயிரைக் காப்பது அச்சிறிது நீரே. கல் நட்டவர் காரணத்தைக் கல்லில் எழுதவில்லை. நீர்ப்பாய்ச்சி தன் மகனுக்குச் சொன்னான். மகன் பேரனுக்குச் சொன்னான். சொல்லும் தொடர் அறுந்தால், பழுது பார்க்க வருபவர் கற்களைப் பெயர்த்துவிட்டுச் சமமாகப் பூசிவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அவருக்கு யார் சொன்னார்?

ஜி.கே. செஸ்டர்டன் என்னும் கத்தோலிக்க எழுத்தாளர் 1929இல் வெளியிட்ட நூலொன்றில், சாலையின் குறுக்கே நிற்கும் வேலியை உவமையாக்கி, அது ஏன் போடப்பட்டது என்று அறியும்வரை அதை அகற்ற உனக்கு உரிமையில்லை என்னும் கருத்தை நிறுவினார். அவர் பின்வருபவரின் கடமையைச் சொன்னார். அதன் மறுபாதியை நாம் சேர்க்க வேண்டும். வேலி போட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. காரணம் அறியாது அகற்றுவது தவறெனில், காரணம் அறிய வழியில்லாமல் விட்டுச் செல்வதும் தவறே.

கருணையா, கடனா?

இனி நம் வினாவுக்கு வருவோம். குறிப்புரை எழுதுவது கருணை என்று கொண்டால், எழுதாதவர்மேல் பழியில்லை. எழுதியவரைப் பாராட்டலாம், அவ்வளவே. கடன் என்று கொண்டால், எழுதாதவர் பிறருக்கு உரியதைப் பிடித்து வைத்தவர் ஆவார். அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்பது புனித தோமா அக்குவினா ஏற்று விளக்கிய இலக்கணம். முன்பின் அறியாத பின்னவனுக்கு என்னிடம் உரியது என்ன இருக்கிறது? அவனோடு நான் ஒப்பந்தம் செய்யவில்லையே என்று ஒருவர் கேட்கலாம்.

மோசேயின் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. குழியைத் திறந்து மூடாது விட்டவன், அதில் பிறனுடைய மாடு விழுந்து இறந்தால் ஈடு செலுத்த வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம். புதுவீடு கட்டுபவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். விழப்போகிறவன் யார் என்று வெட்டியவனுக்கும் கட்டியவனுக்கும் தெரியாது. தெரியாமையால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. ஆபத்து இருக்கும் இடத்தை நான் அறிவேன், வருபவன் அறியான் என்னும் நிலையே கடனைத் தோற்றுவிக்கிறது.

ஆகவே, நாம் இவ்வாறு பிரித்துக் காண்கிறோம். பின்வருபவருக்கு வேலை எளிதாக வேண்டும் என்று தரும் விளக்கம் கருணை. நன்கு எழுதப்பட்ட நிரலைத் தாமே படித்து அறியக்கூடியவருக்கு அதை மீண்டும் சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை. ஆனால் நான் மட்டுமே அறிந்த காரணம், நான் நம்பியிருக்கும் நிபந்தனை, மாற்றினால் விளையும் கேடு ஆகியவற்றை எழுதுவது கடன். எவ்வளவு திறமையுடையவராயினும் பின்னவர் இவற்றை நிரலிலிருந்து படித்தறிய இயலாது. எழுதாமல் சென்றால் அவர் கேடுறுவார். அல்லது அஞ்சி எதையும் தொடாமல் நிற்பார். முதலாவது அவருடைய வேலைக்கு ஊறு. இரண்டாவது அவருடைய உரிமைக்கு ஊறு. காரணம் அறிந்தவரே துணிந்து மாற்ற வல்லவர். காரணம் அறியாதவர் முன்னவரின் ஆணைக்கு அடிமையாகவே இருப்பார்.

ஆழ்ந்து நோக்கின் இங்கு மனித மாண்பின் கேள்வி ஒன்று அடங்கியுள்ளது. பொறிக்கு ஆணை போதும். மனிதர்க்கு ஆணை மட்டும் போதாது, காரணமும் வேண்டும். சட்டத்தையே அறிவின் ஒழுங்கமைப்பு என்றுதான் தோமா வரையறுத்தார். ஆள்பவனின் வெறும் விருப்பம் சட்டமாகாது. ஒரே தாளில் பொறிக்கு ஆணையும் மனிதர்க்குக் காரணமும் எழுதும் நிரலர், இரண்டு வகையான படிப்போரை வேறுபடுத்தி மதிக்கிறார். காரணத்தை எழுதாதவர், அறிந்தோ அறியாமலோ, தமக்குப்பின் வருபவரையும் பொறியின் வரிசையில் நிறுத்துகிறார்.

காரணத்தை மறைத்து வைப்போரும் உளர். தாம் ஒருவரே அறிந்திருந்தால் தம்மை எவரும் நீக்க இயலாது என்பது அவர்களின் கணக்கு. வேலை நிலையற்ற இக்காலத்தில் அவ்வச்சம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் பிறர் நம்மைச் சார்ந்தே இருக்கவேண்டும் என்று அவர்களுடைய அறியாமையை வளர்ப்பது, அச்சத்துக்குத் தீர்வாகாது. அதேபோல், நேரமில்லை என்னும் விடையும் எப்போதும் பொய்யன்று. குறித்த நாளுக்குள் முடிக்கச் சொல்லும் மேலாளர், காரணம் எழுதும் நேரத்தை வேலை நேரமாக எண்ணாவிடில், கடனில் பெரும்பங்கு அவரைச் சாரும்.

இக்கடனுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் மறத்தலாகாது. நிரலை மாற்றுபவர், அதன் அருகிலுள்ள குறிப்பையும் மாற்றக் கடமைப்பட்டவர். மாற்றிய கணத்திலேயே பழைய குறிப்பின் உண்மைக்கு அவர் பொறுப்பாளியாகிவிடுகிறார். முன்னவர் மெய்யாக எழுதியதைப் பொய்யாக்கி விட்டுச்செல்வது, எழுதாமல் செல்வதினும் தீது. குறிப்புரை வேண்டா என்பார் அஞ்சியது இதற்குத்தான். அவர்களுடைய அச்சத்துக்கு மருந்து மௌனம் அன்று, கவனமே.

அண்மைக் காலத்தில் நிரலையும் அதற்குரிய குறிப்புரையையும் எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டன. இனி மனிதர் எழுத வேண்டுமோ என்று இளைஞர் சிலர் நம்மிடம் வினவியதுண்டு. நிரல் என்ன செய்கிறது என்பதைப் பொறி விரைவாகவும் அழகாகவும் சொல்லக்கூடும். ஏரியான் நிரலின் மூன்று அளவுகள் ஏன் பாதுகாப்பின்றி விடப்பட்டன என்பதை, அந்த அறையில் அமர்ந்து முடிவெடுத்தவர் சொன்னாலன்றி எந்தப் பொறியும் அறியாது, ஊகிக்கவே இயலும். ஊகம் உண்மையின் உடையில் வரும்போது ஆபத்து கூடுகிறது. எனவே காரணம் அறிந்த மனிதரின் கடன் இன்னும் வலுப்பெறுகிறதே தவிரக் குறையவில்லை.

நம் வாழ்வில்

கான்சாபுரம் என்னும் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். மதுரைச் சீமையை ஆண்டு 1764இல் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபு யூசுப்கானின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். பெயர் நாள்தோறும் பேருந்துப் பலகையில் ஓடுகிறது. அவர் பெயரை இட்டது அன்பினாலா, அச்சத்தினாலா, நன்றியினாலா என்று பேருந்தில் செல்வோர் அறியார். ஊர்ப்பெயரில் அது வரலாற்று ஆர்வம் மட்டுமே. நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் அதுவே தொல்லையாகிறது. இந்த நிலத்தை ஏன் விற்கக் கூடாது என்றார் பாட்டனார்? இந்தச் சங்கத்தின் விதியில் இவ்வரி ஏன் வந்தது? இந்த உறவினரோடு ஏன் பேச்சு நின்றது? விடை அறிந்தவர் போனபின், ஆணை மட்டும் எஞ்சுகிறது. பிள்ளைகள் அதை அஞ்சிக் காக்கிறார்கள், அல்லது சினந்து உடைக்கிறார்கள்.

நம் திருச்சபை திருமுழுக்குப் பதிவேட்டில் ஓரத்தில் இடம் விட்டு வைத்திருப்பதை வாசகர் கண்டிருக்கலாம். உறுதிபூசுதல், திருமணம் முதலியவற்றை அவ்விடத்தில் குறிக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதி. குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்த குருவானவர் இருபது ஆண்டுகள் கழித்து அங்கே இருக்கமாட்டார். அதைத் திறந்து படிக்கப்போகும் வேறொருவருக்காகவே அவ்வோரம் வெறுமையாகக் காத்திருக்கிறது.

நம் ஒவ்வொருவரின் வேலையிலும் அத்தகைய ஓரம் ஒன்று உண்டு. நிரலர் அதை நிரலின் நடுவே கண்டார். உரையாசிரியர் ஏட்டின் பக்கத்தில் கண்டார். எழுதுவதற்கு மிகுந்த புலமை வேண்டியதில்லை. இதனை இவ்வாறு செய்தேன், காரணம் இது, இந்த நம்பிக்கையின்மேல் செய்தேன், இந்நம்பிக்கை மாறினால் இதையும் மாற்றுக என்னும் நான்கு செய்திகள் போதும். அவ்வரிகளைப் படிப்பவர் நம்மை அறியார். நாம் அவரை அறியோம். ஆயினும் அவருக்குரியதை அவரிடம் சேர்த்துவிட்டோம் என்னும் மனநிறைவு நமக்கு இருக்கும்.